அரசன் கேட்டால் மாட்டேன் என்று சொல்லலாமா?

அக்கா, உன் வீட்டு ரிமோட் என் கோட்டுப் பையில் இருக்கிறது. பின்மூடி உடைந்து, நீ ரப்பர் வளையம் போட்டு இறுக்கிய அதே ரிமோட். பஸ்ஸில் கையை விட்டபோது விரலில் உன் தைல வாசம் ஒட்டிக்கொண்டது.

லண்டன் பக்கத்தில் பார்க்கிங் என்ற ஊரில் இருந்த உன் வீட்டில், சனிக்கிழமைப் பின்னேரங்களில் நீ கொரிய அரச நாடகங்கள் பார்ப்பாய். திரையின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்தைவிட முகங்களைத்தான் நீ வாசித்தாய். அரசன் ஒரு பணிப்பெண்ணை விரும்புவான். அவளோ முதுகு காட்டாமல், குனிந்தபடி பின்னோக்கி நடந்தே அறையை விட்டுப் போவாள்.

"இதுக்குப் பேர் காதலோ? அரசன் கேட்டால் மாட்டன் எண்டு சொல்ல அவளுக்கு ஏலுமோ?" என்று கேட்டேன்.

"உனக்குக் கடவுளிலையும் சந்தேகம். பேசாமல் பார்," என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, "ஏலாதுதான். அதுதான் உடனை மறுமொழி சொல்லாமல் நிக்கிறாள். அந்த நேரம் மட்டும்தான் அவளின்ரை," என்றாய்.

நான் எந்த அரசனைச் சொன்னேன் என்று உனக்குத் தெரியும். பக்கத்து அறையில் அத்தான் வெறும் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் தட்டுவார். நீ நாடகத்தை நிறுத்திவிட்டு எழும்புவாய். போட்டோவில் மட்டும் பார்த்த உன்னை விசா எடுத்துக் கூப்பிட்டுக் கல்யாணம் செய்தவர் அவர். நீ வந்திறங்கிய அன்றே உன் பாஸ்போர்ட்டை வாங்கித் தன் அலுமாரியில் பூட்டினார். "துலைஞ்சு போயிடும் எண்டுதான்" என்று அதற்கும் நீயே சமாதானம் சொன்னாய். விரும்பித்தான் அவரோடு இருந்தாயா? எத்தனை விதமாகக் கேட்டும் நீ சொன்னதில்லை.

நீ செத்து முப்பத்தோராம் நாள், உன் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த கிழமை, அத்தான் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, உன்ரை அக்கா பாத்த நாடகம் பாதியிலை நிக்குது. ஒருக்காப் போட்டுவிடு. எனக்கு உது தெரியாது."

நீ உயிரோடு இருக்கும்வரை, டிவிக்கு முன்னால் உன் பக்கத்துக் கதிரையில் வந்து இருக்காத மனிதர். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் போட்டேன்.

திரையில் அரசன் கேட்டான்: அரண்மனையை விட்டுப் போக உனக்கு விருப்பமா? பணிப்பெண் தலைகுனிந்து நின்றாள்.

"நானும் கேட்டனான்," என்றார் அத்தான். "வந்த புதுசிலை ஒருநாள் குசினிக்குள்ளை அடுப்படியிலை அழுதுகொண்டு நிண்டவள். ஊருக்குப் போகப்போறியோ எண்டு கேட்டன்."

"பாஸ்போர்ட்டைக் கையிலை குடுத்திட்டோ கேட்டனீங்கள்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "அது அலுமாரிக்குள்ளைதான்."

"அக்கா என்ன சொன்னவ?"

"ஒண்டும் சொல்லேல்லை. தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து தந்தாள்."

அவர் கண் கலங்கியது. அந்தத் தேத்தண்ணியைச் சம்மதம் என்று நினைத்து இத்தனை வருடமும் குடித்திருக்கிறார். இல்லை, அப்படி நினைத்ததாக என்னிடம் காட்டிக்கொள்கிறார். துக்கமா, தன் மேல் உள்ள பழியைக் கழுவப் பார்ப்பதா? இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

"ஓட விடு தம்பி, இவள் என்ன சொல்லுறாள் எண்டு பாப்பம்," என்றார்.

அவள் வாய் திறக்கும் முன் நான் நாடகத்தை நிறுத்தினேன். ரிமோட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இன்று பஸ்ஸில் போன் அடித்தது. "தம்பி, ரிமோட்டை நீ கொண்டுபோயிட்டியோ? எப்ப கொண்டு வாறாய்?"

நான் மறுமொழி சொல்லவில்லை, அக்கா. போனைக் காதில் வைத்தபடி, மறுமொழிக்குக் காத்திருந்து அவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். ரிமோட்டிலிருந்து கழற்றிய உன் ரப்பர் வளையம் என் விரலில் இறுகிக் கிடந்தது.