தலைமாட்டில் ஓரிடம்

பக்கத்து அறைக்காரர்கள் விளக்கெண்ணெய் பாட்டிலைக் கீழே போட்டு உடைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தா முழுக்க உன் கை வாசனை. முழுக்க நீ.

துடைத்தார்கள். பினாயில் ஊற்றினார்கள். நீ போகவில்லை. உள்ளே பூங்கொடி தூங்குகிறாள். அவள் பக்கத்தில் இன்று காலை பிறந்த எங்கள் இரண்டாவது பெண். உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்லக் கூடாது என்றும் தோன்றியது. செத்த பிறகும் நீதான் முதல் ஆளா, அக்கா?

நமக்குள் இருந்த வழக்கு சின்னது. பிரசவத்தில் என் மனைவியின் தலைமாட்டில் யார் நிற்பது. நீயா, நானா.

ஆட்டையாம்பட்டியில், தறி ஓடும் தெருவில் உன் அறை. நர்ஸ் வேலையை விட்டுவிட்டு, கர்ப்பிணிகளை அங்கே பாயில் உட்காரவைத்து மூச்சுவிடச் சொல்லிக்கொடுத்தாய். சுவரில் மாரியம்மன். அடுத்த வீட்டுத் தறிச் சத்தத்துக்கு மூச்சை ஒட்டவிட வேண்டும். இழுக்கும்போது ஒன்றுமில்லை. விடும்போது அவள் பெயர்.

"வலி வருதுன்னு சொல்லாதீங்க சாமி. ஆத்தா வர்றான்னு சொல்லுங்க. வந்தா வழி உடோணும்."

முடிக்கும்போது மறக்காமல் சொல்வாய். "ஆத்தாளும் வேணும், டாக்டரம்மாளும் வேணும். வலி கண்டா நேரா ஆஸ்பத்திரிதான், தெரிஞ்சுதா?"

பூங்கொடியை வண்டியில் கொண்டுவந்து விடுவது என் வேலை. வாசலில் நிற்பேன். வெளியே வரும்போது அவள் முகம் எங்கோ போய்த் திரும்பிய முகமாக இருக்கும். நான் கூட்டிப்போன எந்த ஊரிலும் அவளுக்கு அந்த முகம் வந்ததில்லை.

எனக்கு நம்பிக்கை கிடையாது. கோவில் வாசலில் செருப்பைக் கழற்றுவேன், அவ்வளவுதான். இல்லாத ஒருத்தியைப் பார்த்து எப்படிப் பொறாமைப்படுவது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் பட்டேன்.

இன்னொன்றும் உண்டு. நீ முதலில் என் அக்கா. அம்மா காட்டு வேலைக்குப் போய்விட்ட காய்ச்சல் பகல்களில் என் நெற்றியில் இருந்தது உன் கை. அது விளக்கெண்ணெய் தொட்டுப் பூங்கொடியின் இடுப்பை நீவப் போய்விட்டது. யாரிடமிருந்து யாரைப் பிடுங்கிக்கொண்டார்கள், எனக்கே பிடிபடவில்லை.

முதல் பிரசவத்துக்கு ஒருவரைத்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். பூங்கொடி என் முகத்தையும் உன் முகத்தையும் பார்த்தாள்.

"பூக் கேட்டுரலாமுங்க."

வெண்ணந்தூர் அம்மன் கோவில். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் போட்டு, பூசாரி எதை எடுக்கிறாரோ அதுதான் வாக்கு. வெள்ளை என்றால் நீ. சிவப்பு என்றால் நான். பொட்டலம் மடித்தவள் பூங்கொடி.

வெள்ளை வந்தது.

"இன்னொண்ணையும் பிரிங்க, பார்ப்போம்," என்றேன்.

நீ அந்தப் பொட்டலத்தை வெடுக்கென்று எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாய். "வாக்கும் கேட்டுப்போட்டு ஆத்தாளையே சோதிப்பியா? படிச்ச திமிருடா உனக்கு."

பூசாரி சிரித்தார். "மாப்பிள்ளைக்குக் கோவம் வந்துருச்சுங்கோ."

அன்று முதல் உன்னைச் சந்தேகப்பட்டேன். முடிந்துகொண்டவள் நீதானே.

பிரசவத்தன்று இதே வராந்தா. கதவுக்கு இந்தப் பக்கம் நான், ஃபிளாஸ்க். அந்தப் பக்கம் இரண்டு குரல்கள், ஒரே மூச்சில். பிறகு ஒரு சிரிப்பு. இரண்டு பேரும் சிரித்தீர்கள். அவ்வளவு வலிக்கு நடுவில். அலறலைத் தாங்கிக்கொண்டேன். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

"உள்ள எதுக்குச் சிரிச்சீங்க?" என்று உன்னைக் கேட்டேன்.

"அது எங்க சங்கதி. நீ காப்பி வாங்கியா, போ."

பூங்கொடிக்கு அது மறந்துவிட்டதாம். உனக்கு மட்டும் ஞாபகம் இருந்தது. போன மாசியில் காய்ச்சல் என்று படுத்தாய். எழுந்திருக்கவில்லை. சிரிப்பையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

சாவு வீட்டில் உன்னிடம் மூச்சுப் பழகிய பெண்கள் வந்து நின்றார்கள். இடுப்பில் குழந்தைகளோடு. எல்லோரும் என்னைவிட அதிகமாக அழுதார்கள். அதற்கும் எனக்குப் பொறாமை.

இந்த முறை எட்டாம் மாதத்தில் பூங்கொடியைச் சீண்டினேன். "யாரு உள்ள வர்றதுன்னு மறுபடி பூக் கேட்கலாமா?"

அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"போன தடவையே கேக்கலீங்க."

"என்ன?"

"ரெண்டுலயும் வெள்ளைதான் வெச்சேன். உங்க மூஞ்சியப் பாத்து நீங்க வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

"அக்காவுக்குத் தெரியுமா?"

"நீங்க பிரிக்கச் சொன்னீங்கள்ல, அப்ப என்னையப் பாத்தாங்க. தெரிஞ்சுபோச்சு. அப்பறம்தான முடிஞ்சுக்கிட்டாங்க."

உன் தெய்வத்தை ஏமாற்றியவளை நீ காட்டிக்கொடுக்கவில்லை. என் கோபத்தை நீயே வாங்கி வைத்துக்கொண்டாய். இதற்காக உன்மேல் எனக்கு மதிப்பு வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வந்தது வேறு. அம்மனையே ஏய்க்கும் அளவுக்கு ஒருத்திக்கு நீ வேண்டியிருந்திருக்கிறாய். எனக்காக யாரும் ஒரு பூவைக்கூட மாற்றி வைத்ததில்லை.

இன்று காலை டாக்டரம்மா என்னை உள்ளே விட்டார். போட்டிக்கு ஆளில்லாமல் கிடைத்த இடம். மூச்சைப் பற்றி ஏதோ சொன்னேன்.

"ஏனுங்க, கொஞ்சம் பேசாம இருங்க."

தலைமாட்டில் நின்றேன். அவள் விடும் மூச்சில் அம்மன் பெயர் வந்தது. பிறகு அதுவும் நின்றது. தலையை இரண்டு பக்கமும் உருட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு உன்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணீ."

நர்ஸ் என்னைப் பார்த்தாள். பூங்கொடி மறுபடியும் கூப்பிட்டாள், இன்னும் பெரிதாக. "அண்ணீ, இருக்கீங்களா?"

யாராவது பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"இருக்கேன்," என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து இறுக்கினாள். கண்ணைத் திறக்கவில்லை. குழந்தை வரும்வரை விடவும் இல்லை. விரல்கள் இன்னும் வலிக்கின்றன. யார் கை என்று நினைத்துப் பிடித்தாள் என்று அவளிடம் கேட்கப் போவதில்லை.