சம்மத ஓலை அச்சாகவில்லை

போடிநாயக்கனூர்,
6.8.2024

அன்பு மகள் வித்யாவுக்கு அப்பா எழுதுவது.

நான் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? மலைமேல் சிக்னல் எடுக்காது என்று தெரிந்தும் நாலு தடவை போன் அடித்துப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் ஜீப்பு முத்துக்கண்ணனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். உறையில் பசை போட்டு, மேலே ஸ்டாப்ளர் பின் மூன்று அடித்திருக்கிறேன். ஒன்று குறைந்திருந்தாலும் எழுது.

விஷயம் இதுதான். வீட்டுப் பிரிண்டர் மக்கர் பண்ணுகிறது. சனிக்கிழமை ரேஷன் கார்டு நகல் எடுத்தபோது நன்றாக ஓடியது. ஞாயிற்றுக்கிழமை நீ குரங்கணிக்குக் கிளம்பிப் போன பிறகு, கருப்பு கார்ட்ரிட்ஜை அடையாளம் தெரியவில்லை என்று சின்னத் திரையில் எழுதிக் காட்டுகிறது. போன மாதம் வாங்கிப் போட்ட புது மை. முப்பது வருசம் ஏலக்காய்க் கடையில் சொத்தை பொறுக்கியவன் நான். நல்ல சரக்கு ஒரே நாளில் கெடாது.

உன் அத்தை பொன்னுமணி தினமும் வந்து கேட்கிறாள். ஆடி முடிந்ததும் வருகிற பௌர்ணமி, பத்தொன்பதாம் தேதி. அதற்குள் உனக்கும் அவள் மகன் பிரபுவுக்கும் கல்யாணச் சம்மத ஓலை எடுத்துக் குலசாமி முன்னால் வைக்க வேண்டும். நம் வகையறா வழக்கம் உனக்குத் தெரியும். ஓலை பெண்ணின் தகப்பன் வீட்டுக்குள்தான் தயாராக வேண்டும், கடையில் அடிக்கக் கூடாது. சாமி முன்னால் வைத்துவிட்டால் பிறகு மறுபேச்சு கிடையாது. அத்தைக்கு உங்கள் ரெண்டு பேர் போட்டோவும் போட்டு அழகாக வேண்டுமாம்.

பிரிண்டர் மேசையில் கடைசியாக உட்கார்ந்தது நீதான். எதையாவது தொட்டாயா? வெரசாகப் பதில் போடு.

அப்பா,
காசிமாயன்


எஸ்டேட் பள்ளிக்கூடம்,
குரங்கணிக்கு மேல்,
8.8.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

பின் மூன்றும் அப்படியே இருந்தன. இங்கே மழை விடவில்லை. பிள்ளைகள் பாதிப் பேர் காலில் அட்டைக்கடியோடுதான் வகுப்புக்கு வருகிறார்கள்.

நான் எதையும் தொடவில்லை. வருகைப் பதிவேட்டுத் தாள் நாலைந்து எடுத்தேன், அவ்வளவுதான். இந்த வகைப் பிரிண்டருக்கு இது சகஜம் அப்பா. பிளக்கைப் பிடுங்கி அரைமணி நேரம் விட்டுப் போடுங்கள். மூடியை ஒருமுறை திறந்து மூடுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் விட்டுவிடுங்கள், மாதக் கடைசியில் வந்து நானே பார்த்துக்கொள்கிறேன். கார்ட்ரிட்ஜை மட்டும் வெளியே எடுக்காதீர்கள். மை கொட்டினால் வேட்டியில் போகவே போகாது.

பிரஷர் மாத்திரையை விடாதீர்கள்.

உங்கள்,
வித்யா


போடி,
10.8.2024

அன்பு மகளுக்கு,

நீ சொன்னபடி பிளக்கைப் பிடுங்கினேன், மூடியைத் திறந்து மூடினேன். அதே பாட்டுத்தான்.

கம்ப்யூட்டர் கடைச் சின்ராசுவிடம் போய்க் கேட்டேன். அவனை வீட்டுக்குள் விடவில்லை. நல்லதைக் கழற்றிக்கொண்டு பழசை மாட்டிவிடுகிற முகம். ஆனால் அவன் ஒன்று சொன்னான்: "கார்ட்ரிட்ஜோட செம்புத் தகட்டுல எதாச்சும் ஒட்டியிருக்கும்ணே. வெளிய எடுத்து, பஞ்சு உதிராத துணியில பேட்டரிக்கு ஊத்துற சுத்தத் தண்ணியத் தொட்டுத் தொடைங்க. எடுத்த எடுப்புல அதத்தான் பாக்கணும்."

எடுத்த எடுப்பில் பார்க்க வேண்டியதைப் படித்த பிள்ளை நீ ஏன் சொல்லவில்லை? எடுக்கவே எடுக்காதே என்று ஏன் எழுதினாய்? இதுதான் எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்று. உன் கடிதத்தைக் கொடுக்கும்போது முத்துக்கண்ணன் தரையைப் பார்த்தான். என்ன மறைக்கிறான்? பொன்னுமணி வேறு காதில் ஓதுகிறாள்: "பொம்பளப் பிள்ளைய மலையில தனியா விட்டா இப்படித்தேன்." அங்கே யாரும் இருக்கிறார்களா? இருந்தால் இப்போதே சொல்.

அப்பா


எஸ்டேட் பள்ளிக்கூடம்,
12.8.2024

அப்பாவுக்கு,

முத்துக்கண்ணன் அண்ணன் தரையைப் பார்த்ததற்குக் காரணம் கேட்டேன். "டீச்சர், ஒங்கப்பா போலீஸ் ஸ்டேசன்ல வெச்சுக் கேக்குற மாதிரி அரைமணி நேரம் கேக்குறாரு. மூஞ்சியப் பாத்தா இன்னும் நாலு கேள்வி வரும்" என்றார். அவருக்கு ரெண்டு பெண் பிள்ளைகள், ரெண்டும் என் வகுப்பில்தான் படிக்கின்றன. தயவுசெய்து அவரை விட்டுவிடுங்கள்.

செம்புத் தகட்டில் விரல் பட்டால் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி மொத்தமும் போய்விடும். அதனால்தான் சொல்லவில்லை. ஓலைக்கு என்ன அவசரம்? அடுத்த பௌர்ணமிக்கு வைத்தால் சாமி கோவித்துக்கொள்ளுமா? அத்தையிடம் ஒரு மாதம் தள்ளிக் கேளுங்கள்.

வித்யா


போடி,
13.8.2024

மகளுக்கு,

சுற்றி வளைக்காமல் ஒரே கேள்வி. நான் தொட்டுவிடக் கூடாது என்று நீ பயப்படுவது தகட்டுக்காகவா, ஓலைக்காகவா?

சனிக்கிழமை காலையில் பொன்னுமணியோடு பிரபு வருகிறான். துணியும் பேட்டரித் தண்ணீரும் அவனே கொண்டுவந்து, கார்ட்ரிட்ஜைக் கழற்றிப் பார்க்கப் போகிறான். அவன் பார்ப்பதற்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டியது ஏதாவது இருந்தால் எழுது.

அப்பா


எஸ்டேட் பள்ளிக்கூடம்,
15.8.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கொடியேற்றி, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து அனுப்பிவிட்டு இதை எழுதுகிறேன்.

செம்புத் தகட்டின் மேல் செல்லோடேப் ஒட்டியது நான்தான். ஞாயிறு காலையில் நீங்கள் பால் வாங்கப் போயிருந்தபோது ஒட்டினேன். ஓலை சாமி முன்னால் போய்விட்டால் நான் என்ன சொன்னாலும் எடுபடாது. பௌர்ணமி தாண்டிவிட்டால் ஒரு மாதம் கிடைக்கும், அதற்குள் உங்களிடம் சொல்லத் தைரியம் வரும் என்று நினைத்தேன்.

இங்கே யாரும் இல்லை அப்பா. சத்தியமாக இல்லை. எனக்குப் பிரபு வேண்டாம், அவ்வளவுதான்.

வைகாசியில் குலசாமி கும்பிடப் போனபோது, பிரபு என் கையிலிருந்து போனை வாங்கினான். யார் யார் பேசியிருக்கிறார்கள், என்ன எழுதியிருக்கிறார்கள் என்று எல்லார் முன்னாலும் ஒவ்வொன்றாக வாசித்தான். ஹெட்மாஸ்டர் அனுப்பிய வணக்கத்தைக்கூட ரெண்டு தடவை வாசித்துக் காட்டினான். அத்தை சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

சந்தேகப்படுகிற ஒருவரிடம் வளர்ந்துவிட்டேன். அவர் என் அப்பா, அவரை எனக்குப் பிடிக்கும். அதே மாதிரி இன்னொருவரிடம் போய் வாழ என்னால் முடியாது.

பிரபு கழற்றிப் பார்ப்பதற்குள் அந்த டேப்பை நீங்களே எடுத்துவிடுங்கள். என்னைத் திட்டுவதென்றால் நீங்கள் திட்டுங்கள், அவர்கள் முன்னால் வேண்டாம்.

வித்யா


போடி,
17.8.2024

ஆத்தா வித்யா,

டேப்பை நான் அந்த ஞாயிறு சாயங்காலமே பார்த்துவிட்டேன். உரித்தேன், பிரிண்டர் ஓடியது. மறுபடி அதே இடத்தில் ஒட்டிவைத்தேன்.

ஓலையைக் கையால் எழுதிவைத்தாலும் சாமி வேண்டாம் என்று சொல்லாது. உன் தாத்தா அப்படித்தான் எழுதினார். உனக்கு மூன்று கடிதம் எழுதியவனுக்கு நாலு வரி ஓலை எழுத வராதா? பொன்னுமணியிடம் பிரிண்டரைக் காட்டியே நாளைக் கடத்தினேன்.

காரணம் உன் வாயிலிருந்து வரட்டும் என்று இருந்தேன். உன் அம்மா உயிரோடு இருந்திருந்தால், பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே கேள்வியில் கேட்டிருப்பாள். எனக்கு நேராகக் கேட்கத் தெரியவில்லை. ஏலக்காயை உடைத்துப் பார்க்கிற மாதிரியே உன்னையும் பார்த்தேன். பிரபு வருகிறான் என்று எழுதியதும் பொய்தான். நீ பயந்துபோய்ச் சொல்லுவாய் என்று எழுதினேன். தப்பு.

நான் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. உன் கடிதத்தில் அந்த வரியை வாசித்தபோது முதலில் கோபம்தான் வந்தது. பிறகு மனசு விட்டுப்போயிற்று, மத்தியானம் சாப்பிடவில்லை.

இன்று காலை பொன்னுமணி வந்தாள். பிள்ளைக்கு இஷ்டமில்லை, ஓலை கிடையாது என்று சொல்லிவிட்டேன். அவள் காபியைத் தொடவில்லை.

"மலையில எவனோ இருக்கான்ணே. போயி நல்லா விசாரி" என்றாள்.

"யாரும் இல்லன்னு எழுதியிருக்கா" என்றேன்.

"எழுதியிருக்காளா? நீயாண்ணே நம்புற?"

அவள் பிறந்த நாளிலிருந்து என்னைப் பார்க்கிறவள்.

"நம்புறேன்" என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். இனிமேல் வரமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

உன் அப்பா,
காசிமாயன்