இரும்பு எழுத்துக்குப் பொட்டு

1998 ஒக்டோபர் 3, சனி

இன்று தோட்டத்துத் தேயிலை ஸ்டோரை, அந்தப் பழைய தொழிற்சாலையைப் பார்க்க ஒரு வெள்ளைக்கார அம்மா வந்திருந்தார். இங்கிலீஷ் டீச்சர் என்று என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள்.

கொழுந்து அரைக்கும் மிசின் முன்னால் அந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். அதன் இரும்பில் வார்த்திருப்பது அவருடைய ஊர்ப் பெயர். இங்கிலாந்தில் தெற்கு யோர்க்ஷயர் பக்கம். அவர் அப்பா அங்கே இரும்பு உருக்கியவராம். ஒவ்வொரு எழுத்திலும் சந்தனம், குங்குமம். ஆயுத பூசைக்கு என் வீட்டுக்காரர் வைத்த பொட்டு. அவர் அந்த மிசினில் வேலை பார்த்தவர். ஸ்டோரை மூடிவிட்டார்கள், கொழுந்து லொறியில் லிந்துலை ஸ்டோருக்குப் போகிறது. பூசையை மட்டும் அவர் விடவில்லை.

"அவங்க ஊரு இப்ப எப்புடி இருக்குன்னு கேளு" என்றார், பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர்.

நிலக்கரிச் சுரங்கமும் உருக்காலையும் மூடியாகிவிட்டதாம். கரிமண் குவிந்த மேடுகளில் புல் விதைத்து, இப்போது நம் மலை போலப் பச்சையாம், காலையில் மூட்டம் தவழுமாம். அதையெல்லாம் சொன்னேன். வேலை போன பிறகும் தன் அப்பா விடியுமுன் எழுந்து, வேலைச் சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு, சாகும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார் என்றும் அந்த அம்மா சொன்னார். அதை நான் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

இப்போது போர்வைக்குள்ளிருந்து அவர் கேட்கிறார்:

"அந்தப் புல்லுல மாடு மேயுமா?"

"மேயுமுங்க."

சிரித்துக்கொண்டே தூங்கிவிட்டார். கதவோரம் அவருடைய வேலைச் சப்பாத்து. துடைத்து வைத்திருக்கிறார்.