நடுவில் வரும் பந்து

மார்ச் 4

கணுக்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நெட்டையிடமிருந்து செய்தி வந்தது. "இனிமே சின்னவளோட ஆடலாம்னு இருக்கேன். கோவிச்சுக்காத." அவ்வளவுதான். சின்னவள் எங்கள் ஆட்டக்காரிகளிலேயே இளையவள். நெட்டையோ ஒன்பது வருடம் டென்னிஸ் டபுள்ஸில் என்னோடு ஜோடியாக ஆடியவள். போகிற ஊரிலெல்லாம் ஒரே அறை, ஒரே பற்பசை. நேற்றுகூட என் விரலில் பிளாஸ்திரி இருக்கிறதென்று ஷூ லேஸை அவள்தான் கட்டிவிட்டாள். நேற்றே முடிவு பண்ணிவிட்டாளா? பண்ணிவிட்டா கட்டிவிட்டாள்?

மார்ச் 5

"சரி" என்று பதில் அனுப்பினேன். ஏன் சரி என்றேன்? எதுவுமே சரியில்லையே.

மார்ச் 9

வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று அம்மா ஆரம்பித்தாள். தனியாக ஆடுகிறவர்கள் முகத்தைத்தான் டிவியில் காட்டுகிறார்களாம், இனியாவது சிங்கிள்ஸ் ஆடக்கூடாதா என்றாள். முப்பத்து நான்கு வயதில்! கோர்ட் முழுக்க ஓடுவதற்கு முழங்காலை எங்கே போய் வாங்கி வர?

என் வீட்டுக்காரர் பாத்திரம் கழுவிக்கொண்டே, "நீ ஏதாவது பண்ணியா?" என்று கேட்டார். அதுதான் மண்டையைக் குடைகிறது. என்ன பண்ணினேன்? நான் ஒன்றுமே பண்ணவில்லையே.

மார்ச் 16

அடுத்த போட்டிக்கு ஜோடி தேடி, பெயர் கொடுக்கும் மேஜையையே சுற்றிச் சுற்றி வந்தேன். வேலை கேட்டு வந்தவள் மாதிரி ஒரு முகம். பன்னிரண்டு மணிக்குள் இரண்டு பேராக வந்து கையெழுத்துப் போட வேண்டும். பதினொன்றே முக்காலுக்கு மிச்சமிருந்தது டீச்சர் மட்டும். முப்பத்தொன்பது வயது, எதிரில் ஆடுகிறவர்களைக்கூடத் திருத்துவதால் அந்தப் பெயர். இதில் கூத்து என்னவென்றால், சின்னவளின் பழைய ஜோடி இவர்தான். நெட்டை என்னைக் கழற்றிவிட்டாள், சின்னவள் இவரைக் கழற்றிவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் மிச்சம்.

என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம்தான் எந்தப் பக்கம் ஆடுவேன் என்று கேட்டார். வலது என்றேன்.

"நானும் வலதுதான்மா."

காசைச் சுண்டினோம். தோற்றேன். இடது பக்கம் எனக்கு.

மார்ச் 17

சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கிறது. எல்லாம் இருக்கிறது, எதுவும் இருக்கிற இடத்தில் இல்லை. இடது பக்கம் நிற்கிறவருடைய வலது கைதான் நடுவில் இருக்கும். அதனால் நடுவில் வரும் பந்து அவருடையது. ஒன்பது வருடம் அது நெட்டையுடையது. பந்து வந்தால் என் கால் தானாக ஒதுங்கி வழிவிடுகிறது. டீச்சர் என்னைப் பார்க்க, நான் டீச்சரைப் பார்க்க, பந்து இரண்டு பேருக்கும் நடுவே சாவகாசமாகப் போகிறது.

"அது உன் பந்து. மரியாதை எல்லாம் பார்க்காத," என்றார்.

மார்ச் 19

ஜெயித்தோம். எப்படி என்று எனக்கே தெரியாது.

மார்ச் 21

நேற்றும் ஜெயித்தோம். இன்று காலிறுதியில் தோற்றோம், கடைசி டை-பிரேக் பத்துக்கு எட்டு. போன வருடம் வாங்கிய புள்ளிகள் கழிந்து இனி என் ரேங்க் எண்பத்து மூன்று. பெரிய போட்டியில் இரண்டு பேர் ரேங்கையும் கூட்டிப் பார்த்துத்தான் இடம் கொடுப்பார்கள். டீச்சரையும் என்னையும் கூட்டினால் வாசல்கூடத் திறக்காது.

ஆனாலும் நடுப்பந்தைப் பதினோரு தடவை நான் அடித்தேன். "என்னோடது" என்று கத்தினேன். தொண்டை கட்டிவிட்டது. தோற்ற நாளில் எனக்குச் சாப்பாடு இறங்காது. இன்று டீச்சர் தட்டிலிருந்தும் எடுத்துச் சாப்பிட்டேன். என்ன ஆயிற்று எனக்கு?

ஏப்ரல் 28

நெட்டை கூப்பிட்டாள். சின்னவள் இனி சிங்கிள்ஸ்தான் என்று போய்விட்டாளாம். "உன் இடம் அப்படியே இருக்கு, வா," என்றாள். சின்னவளோடு ஜெயித்த புள்ளிகளால் அவள் ரேங்க் பதினெட்டு. அவளோடு சேர்ந்தால் பெரிய போட்டிகள் எல்லாவற்றிலும் எனக்கு இடம் உண்டு. இன்னும் எத்தனை வருடம் ஆடிவிடப் போகிறேன்?

ஏன் போனாய் என்று கேட்டேன்.

"நடுவுல வர்றதெல்லாம் நானே அடிச்சு அடிச்சு அலுத்துப் போச்சுடி. ஒம்போது வருஷத்துல ஒரு தடவையாவது என்னோடதுன்னு சொல்லியிருக்கியா நீ?"

அடிப்பாவி. அவளுக்குப் பிடிக்கும் என்றுதானே ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தேன்! நான் பாசம் என்று நினைத்தது அவளுக்குப் பாரமா? அதை ஒரு நாள் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் என்ன?

வருகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறு என்னவோ வந்தது.

"இப்போ நான் இடது பக்கம் ஆடுறேன். நீ வலது பக்கம் வந்தா வரேன்."

"அது என் பக்கம்டி."

"தெரியும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். நான் ஏன் அப்படிச் சொன்னேன்? கோபமா? நிஜமாகவே அதுதான் வேண்டுமா எனக்கு? தெரியவில்லை. எதுவுமே தெரியவில்லை.

மே 2

பெரிய போட்டிக்குப் பெயர் கொடுக்க இன்று நாலு மணி வரைதான். காலையிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்தேன். மூன்றரைக்கு வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இப்பவும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, வலது பக்கமே வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடேன் என்றார். நியாயம்தான். மாட்டேன் என்றேன்.

நாலு மணி ஆனது. பட்டியலில் நெட்டையின் பெயருக்குப் பக்கத்தில் வேறொருத்தியின் பெயர். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ஓவென்று அழுதேன். இவ்வளவு அழுகை எங்கே இருந்தது?

வெளியே வந்து டீச்சருக்குப் போன் போட்டேன். சின்னப் போட்டி ஒன்றுக்கு நம் பெயரைக் கொடுத்துவிடுங்கள், நாளைக் காலை ஆறரைக்குக் கோர்ட் கிடைக்குமா என்று கேட்டேன். ஜலதோஷமா என்றார். ஆமாம் என்றேன்.