இரண்டு பிரேக் வண்டி

அன்புத் தங்கைக்கு,

மாப்பிள்ளை உனக்குத் தெரியாமல் கடன் வாங்கிவிட்டார் என்று நினைக்கிறாய். அவர் வாங்கவில்லை. வாங்கியது நான். அவர் ஜாமீன் கையெழுத்து மட்டும் போட்டார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவர் வாயைக் கட்டியதும் நான்தான். உங்கள் வீட்டுக் கடன் மனுவை வங்கி தள்ளிவிட்டதற்குக் காரணம் என் வண்டிக் கடன். சென்ற வாரம் நீ போனில் கேட்டபோது கம்ப்யூட்டரில் ஏதோ குளறுபடி இருக்கும் என்றேனே, அது பொய். வண்டி எப்படி ஓடுகிறது என்றாய். நன்றாக ஓடுகிறது என்றேன். அப்போது வண்டி கைவிட்டுப் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது.

புது வண்டி இருந்தால்தான் என் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்கு ஆள் வரும் என்று கணக்குப் போட்டேன். ஒன்றரை வருடம் ஒரு தவணைகூடத் தவறவில்லை. பிறகு லைசென்ஸ் தேர்வு மைதானத்தைப் பழுதுபார்க்க மூடினார்கள். ஐந்து மாதம். தேர்வே இல்லாதபோது கற்றுக்கொள்ள யார் வருவார்கள்? தவணை நின்றது. இதில் என் குற்றம் ஒன்றும் இல்லை. வங்கியில் போய்ச் சொல்லியிருந்தால் தவணையைத் தள்ளிவைத்திருப்பார்களாம். பேரன் வயதுள்ள அதிகாரி முன்னால் கைகட்டி நிற்க மாட்டேன் என்று இருந்துவிட்டேன். அது என் குற்றம்.

வங்கி ஆட்கள் வண்டியை எடுக்க வந்த அன்று பாடம் நடந்துகொண்டிருந்தது. தையற்கடை அம்மா ஓட்டிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிக் கற்க வந்தவர், அன்று எட்டாவது நாள். பைக்கில் வந்த இருவர் வழிமறித்து, காகிதத்தைக் காட்டி, இறங்கச் சொன்னார்கள். இந்த அம்மா இன்றைய பாடத்துக்குப் பணம் கட்டியிருக்கிறார், அது முடியாமல் இறங்க மாட்டேன் என்றேன். ஒருவர் சிரித்துக்கொண்டே பின்சீட்டில் ஏறினார். பிடித்த வண்டிகளை நிறுத்தும் யார்டு வரைக்கும் அந்த அம்மாவே ஓட்டினார். உள்ளே ரிவர்ஸ் எடுத்து நிறுத்தச் சொல்லிக்கொடுத்தேன். கோணலாக நின்றது, மறுபடி எடுக்கச் சொன்னேன். சாவியைக் கொடுத்துவிட்டு இருவரும் ஆட்டோவில் திரும்பினோம். "நான் நல்லாத்தானே சார் ஓட்டினேன்?" என்று கேட்டவர், என் முகத்தைப் பார்க்காமல் இருக்க வெளியே பார்த்தபடி வந்தார். அவர் வைத்த மரியாதைதான் என்னை அதிகம் அறுத்தது.

வண்டி போனதோடு கடனும் போயிற்று என்று நினைத்தேன். யாரையும் கேட்கவில்லை. வங்கியிலிருந்து பதிவுத் தபால் மூன்று வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்காவிட்டால் எதுவும் செல்லாது என்று நானாக ஒரு சட்டம் வைத்துக்கொண்டு மூன்றையும் திருப்பி அனுப்பினேன். இந்தத் தேதிக்குள் கட்டினால் வண்டியை மீட்கலாம், இல்லையேல் ஏலம் என்பதெல்லாம் அவற்றில்தான் இருந்ததாம். பக்கத்து இருக்கையிலும் பிரேக் வைத்த வண்டியை யார் ஆசைப்பட்டு எடுப்பார்கள்? பாதி விலைக்குத்தான் போயிற்று. மீதிக் கடன் அப்படியே நிற்கிறது. அதன்மேல் அபராதம், எடுத்துப்போன கூலி, யார்டு வாடகை. என் வண்டியைப் பிடுங்கி நிறுத்தியதற்கு என்னிடமே வாடகை. இது அநியாயம் என்று சாகும்வரை சொல்வேன்.

நான் பதில் போடாததால் மாப்பிள்ளைக்கு எழுதினார்கள். இரண்டு மாதத்துக்கு முன் அவர் எனக்குப் போன் செய்தார். கோபிக்கவில்லை. "மச்சான், அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா உங்க மரியாதை போயிடும்" என்றார். சரி என்றேன். சொல்லவில்லை. நீ அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாய் என்று உன் மகள் சொல்லி உன் அண்ணிக்குத் தெரியும். அவ்வளவு ஆன பிறகும் அந்த மனிதர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என் மரியாதைக்கு அவர் கொடுத்த விலை போதும்.

நீங்கள் வீடு வாங்கக் கொடுத்த முன்பணத்துக்கு முப்பதாம் தேதி கெடு என்று தெரியும். அதனால் இனி நடக்க வேண்டியதை எழுதுகிறேன்.

பள்ளி நடத்தும் அறையை நான் காலி செய்கிறேன். அந்த அட்வான்ஸும், உன் அண்ணியின் முழங்கால் ஆபரேஷனுக்குப் போட்டுவைத்த டெபாசிட்டும் சேர்ந்தால் கடன் முழுதும் அடையும். டெபாசிட்டை உடைக்கச் சொன்னது அவள்தான். எனக்குக் கேட்க வாய் வரவில்லை. அந்த அதிகாரியிடம் நானே போய் நின்று, பாக்கி இல்லை என்று எழுதி வாங்கி உங்களுக்கு அனுப்புவேன்.

திங்கட்கிழமை முதல் பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள பயிற்சிப் பள்ளியில் சம்பளத்துக்குப் போகிறேன். முதலாளி என்னிடம் கற்றவர்தான். இன்றைக்கும் கியர் மாற்றத் தெரியாது. அதை அவரிடம் சொல்லப்போவதில்லை.

வீட்டுக்கு வரும் தபாலை உன் அண்ணி வாங்குவாள். நான் வாசலுக்குப் போகக் கூடாது.

வங்கிப் பதிவில் மாப்பிள்ளை பெயர் சீராக ஒரு மாதம் பிடிக்கும். அதுவரை பொறுக்கும்படி வீட்டை விற்பவரிடம் அவர் கேட்க வேண்டும். அவர் தனியாகப் போகக் கூடாது. நீ கூடப் போக வேண்டும்.

அதற்கு முன்னால், இன்றைக்கே, சாப்பிட்டீர்களா என்று நீ அவரைக் கேட்க வேண்டும். உடனே பதில் வராவிட்டால் இன்னொரு முறை கேள். எனக்கு எழுதுவதெல்லாம் பிறகு. எழுதாவிட்டாலும் சரி.

இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அண்ணன்