பழைய சர்வரை எடுத்த வெள்ளிக்கிழமை

8 மார்ச் 1999, திங்கள்

சுபாங் ஜெயா ஆபீசில் என்னோடு வேலை செய்யும் சீவரத்தினத்துக்கு இன்று மேனேஜர் பதவி. ஷா ஆலம் மரச்சாமான் கம்பெனிக்கு இணையத்தில் ஆர்டர் எடுக்கும் பக்கத்தைத் தானே செய்ததாக முதலாளி இராமலிங்கத்திடம் சொல்லியிருக்கிறார். எழுதியது நான். ஒவ்வொரு வரியும். நான் வாய் திறப்பதற்குள் சீவரத்தினம், "புனிதா, எல்லாருக்கும் காப்பி கொண்டு வாயேன்" என்றார். கொண்டுபோய் வைத்தேன். ஏன் வைத்தேன்?

9 மார்ச்

கேக் வெட்டினார்கள். நான் தொடவில்லை.

17 மார்ச், புதன்

யாரோ விற்பனைக்காரன் பேச்சைக் கேட்டு, இணையப் பக்கங்களைக் காட்டும் வெப் சர்வர் மென்பொருள் புதிதாக வாங்கியிருக்கிறார் சீவரத்தினம். வெள்ளிக்கிழமை மரச்சாமான் கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். அதற்குள் லினக்ஸ் மெஷினிலிருந்து பழைய சர்வர் மென்பொருளை நான் நீக்க வேண்டுமாம். கட்டளை கொடுத்துப் பார்த்தேன். மெஷின் மறுத்தது. ஆர்டர் பக்கம் பழைய சர்வரை நம்பித்தான் ஓடுகிறது. அவரிடம் காட்டினேன்.

"இத எடுத்தா ஆர்டர் பக்கம் படுத்துரும் சார்."

"பொம்பளைங்களுக்கு எதுக்கெடுத்தாலும் பயம். ஃபோர்ஸ் பண்ணி எடு லா!"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஒருமுறை சொல்லியாயிற்று. இனி சொல்ல மாட்டேன்.

18 மார்ச்

ஆர்டர் பக்கத்துக்கான என் கோப்புகளை டிஸ்கெட்டில் நகல் எடுத்துக்கொண்டேன். அவருக்குத் தெரியாது.

19 மார்ச், வெள்ளி

காலையில் அவர் சொன்னபடியே வலுக்கட்டாயமாக எடுத்தேன். ஒரே கட்டளை. போயே போய்விட்டது.

மரச்சாமான் கம்பெனிக்காரர்கள் முன்னால் சீவரத்தினம் மௌஸை அழுத்துகிறார், அழுத்துகிறார் — பக்கம் வரவில்லை.

"நீதானய்யா செஞ்ச? திரும்பக் கொண்டு வா" என்றார் இராமலிங்கம்.

கீபோர்டில் கை வைத்தார். என்ன தட்டுவது என்று தெரியவில்லை. சட்டையெல்லாம் வேர்வை. ஐயோ, அதப் பாக்க எவ்வளவு நல்லாயிருந்துச்சு!

"புனிதா... கொஞ்சம் பாரேன்."

"நீங்க செஞ்சதுல நான் எப்படி சார் கை வைக்கிறது?"

எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

"இல்ல பாஸ்... இவங்கதான் செஞ்சாங்க."

அப்புறம்தான் உட்கார்ந்தேன். பழைய சர்வரை மறுபடி ஏற்றினேன், டிஸ்கெட்டைப் போட்டேன். பக்கம் வந்தது.

1 ஏப்ரல்

சீவரத்தினம் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் அறை இப்போது எனக்கு.

17 ஜூலை, சனி

கிள்ளானில் தன் மச்சானின் கம்ப்யூட்டர் கடையில் பிரிண்டர் பழுது பார்க்கிறார் சீவரத்தினம். இன்றும் போனேன். கேபிள் கேட்டேன். "வாங்க மேடம்" என்றார், நிமிராமல். விலை அதிகம் என்றேன், குறைத்தார். நீளம் போதாது என்றேன். ஏணி வைத்து ஏறி வேறொன்று எடுத்து வந்தார்.

வீட்டில் அம்மா கேட்டார்: "சனிக்கிழமையானா கிள்ளான்ல உனக்கு என்னடி வேல?"

என் அறைக்குள் போனேன். மேசை இழுப்பறையில் எல்லாம் பிரிக்காத கேபிள்கள். இன்று வாங்கியதை வைத்ததும் இழுப்பறை மூடவில்லை.