பழைய பெட்டியின் நடுக்கம்

மார்ச் 4, செவ்வாய்

கீபோர்டு வாசிக்கிற அக்கா தன் சிந்தசைசரைப் பழுதுபார்க்கச் சொல்லிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். என்னைவிட வயதில் மூத்த பெட்டி. ஒலியை நடுங்கவைக்கும் குமிழைத் திருகினால், நடுக்கம் வழுக்கிக்கொண்டு ஏறாமல் படிக்கட்டில் உருளும் குடம்போலத் தடதடக்கிறது. ஓரளவுக்குமேல் வேகமும் எடுப்பதில்லை.

"சனிக்கிழமை கச்சேரி. முடியலைன்னா முன்னாடியே சொல்லிடும்மா, வேற பெட்டி பார்த்துக்கறேன்."

முடியும் என்று வாய் சொல்லிவிட்டது. பிரசவத்துக்குப் பிறகு முதல் வேலை. இதைக் கோட்டைவிட்டால் அடுத்து யார் கூப்பிடுவார்கள்?

மார்ச் 5

பாப்பா மூச்சு விடுகிறாள். பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

மார்ச் 6, வியாழன்

கோளாறைப் பிடித்துவிட்டேன். உள்ளே இருப்பது ஒரே ஒரு ப்ராசஸர், பாவம். ஒவ்வொரு சுற்றிலும் எல்லாக் குமிழ்களையும் யாராவது திருகினார்களா என்று பார்த்து, பிறகு விரலால் அழுத்தும் கட்டைகளைப் பார்த்து, கடைசியில்தான் நடுக்கத்துக்கு வருகிறது. பெட்டிக்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேரில் வரிசையை மாற்றினேன். முதலில் நடுக்கம், மிஞ்சிய நேரத்தில் மற்றதெல்லாம்.

மடியில் பாப்பா, கட்டையை அழுத்திப் பிடிக்கக் கை இல்லை. அவளுடைய மர யானையைக் கட்டைமேல் உட்காரவைத்துவிட்டுக் குமிழைத் திருகினேன். எண்ணெய் தடவியதுபோல் வழுக்கியது.

பாப்பாவின் அப்பா எட்டிப் பார்த்தார். "யானை நல்லா வாசிக்குதே."

மார்ச் 7, வெள்ளி

மானம் போயிற்று.

அக்கா வந்து வேகமாக ஒரு வரி வாசித்தார். விரல் முன்னே போகிறது, ஒலி மூச்சிரைக்கப் பின்னால் வருகிறது.

"என்னம்மா, அழுத்தினா யோசிச்சுட்டு வருது? எங்க வீட்டுக்காரர் மாதிரி."

நடுக்கத்திலேயே மும்முரமாக இருந்ததால் கட்டைகளைப் பார்க்க அதற்கு நேரமில்லை. யானை ஒரே கட்டையில் உட்கார்ந்தது, எழுந்திருக்கவே இல்லை — இந்தத் தாமதம் எனக்கு எப்படித் தெரியும்? இதைப் போய் வெளியே சொல்ல முடியுமா? சொன்னேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "காலைல வர்றேன். அப்பவும் இப்படியே இருந்தா வேற பெட்டி வாடகைக்கு எடுத்துடுவேன்."

அழுகையாக வந்தது. எழுந்து தொட்டிலுக்குப் போனேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன்.

"இப்பதானே பார்த்துட்டு வந்தே? அதுக்குள்ள அவ எங்க போயிடுவா?" என்றார் பாப்பாவின் அப்பா.

சுருக்கென்றது. பெற்றவளுக்குத்தானே தெரியும் — என்று ஆரம்பித்தவள் நின்றுவிட்டேன். குமிழ்கள் மட்டும் எங்கே போய்விடும்? மனுஷக் கை மெதுவாகத்தானே திருகும்? சுற்றுக்கு ஒரு குமிழைப் பார்த்தால் போதாதா? மிச்ச நேரம் முழுக்கக் கட்டைகளுக்கும் நடுக்கத்துக்கும்.

போதும். மாற்றி எழுதி, இரண்டு கையாலும் வாசித்துப் பார்த்துவிட்டேன். யோசனை யாரால் வந்தது என்று இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைகால் புரியாது.

மார்ச் 8, சனி

காலையில் அக்கா வாசித்தார், திருகினார், வயரைச் சுருட்டினார். கச்சேரிக்குத்தான் எடுத்துப்போகிறார் என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று.

கச்சேரிக்கு மூவரும் போனோம். நீண்ட ஒரு ஸ்வரத்தில் அக்கா குமிழை முழுக்கத் திருகினார். பாப்பாவை இறுக்கிக்கொண்டேன். ஒலி மெல்ல நடுங்கி, வேகமெடுத்து, அடங்கியது. கூட்டத்தில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

"இதுல எதை நீ சரிபண்ணினே?" என்று இவர் காதருகே கேட்டார்.

"தெரியலையா?"

"இல்லையே."

"அப்ப சரியாயிடுச்சு."

முடிந்ததும் அக்கா இறங்கி வந்தார். "எங்க டிரம்ஸ்காரன் வீட்ல இதைவிடக் கிழட்டுப் பெட்டி ஒண்ணு தூசி படிஞ்சு கிடக்கு. பார்க்கறியா?"

கைக்குழந்தைக்காரி, இப்போதைக்கு முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"மேனுவல் இருக்கான்னு மட்டும் கேளுங்கக்கா" என்றேன்.